ஈயக்குண்டுக்கு ஈயம் வந்த வழி: கொங்கணக் கரையும் தமிழகமும்

முன்னுரை

துப்பாக்கிப் போர்முறை இந்தியாவில் பரவிய வரலாற்றை ஆராய்ந்தோர் துப்பாக்கியையும் பீரங்கியையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அவற்றுள் இடப்பட்ட குண்டு எப்பொருளால் ஆனது, அப்பொருள் எங்கிருந்து வந்தது, எவ்விலைக்குக் கிடைத்தது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. துப்பாக்கியை உள்ளூர்க் கொல்லனே செய்ய முடிந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பும் கரியும் உள்நாட்டிலேயே கிடைத்தன. குண்டுக்கு வேண்டிய காரீயமோ தமிழகத்திலும் கொங்கணக் கரையிலும் விளையாத பொருள். ஆகவே குண்டு வார்க்க விரும்பியவன் ஒன்று கடல்கடந்து வந்த புது ஈயத்தை வாங்கவேண்டும். அன்றேல் பிறிதொரு பயனுக்கு உதவி ஓய்ந்த பழைய ஈயத்தைத் தேடி உருக்கவேண்டும். இவ்விரு வழிகளின் வரலாற்றையும், அவ்வரலாறு தமிழ்ச் சொல்வழக்கில் பதிந்துள்ள முறையையும், அதனால் இன்றும் தொடரும் ஓர் இடரையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

காரீயத்தின் இயல்பு

குண்டு வார்ப்புக்குக் காரீயம் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு அதன் இயல்புகளே காரணம். அது 327 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். இரும்பை உருக்க உலைக்களம் வேண்டும். செம்பை உருக்கத் துருத்தி வேண்டும். காரீயத்தை உருக்க அடுப்பங்கரை போதும். நீரைப்போல் பதினொரு மடங்குக்கு மேல் எடையுடையதாதலின் சிறு குண்டும் நெடுந்தொலைவு விசை குன்றாது செல்லும். மென்மையுடையதாதலின் குழாயின் உட்புறத்தைத் தேய்ப்பதில்லை. இருபாதியாகத் திறந்து மூடும் அச்சு ஒன்றும் இரும்புக் கரண்டி ஒன்றும் இருப்பின் படைவீரன் தன் கூடாரத்திலேயே குண்டு வார்த்துக்கொள்ளலாம்.

துப்பாக்கியின் அளவே ஈயத்தின் எடையால் குறிக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்று நுழையும் குழாயையுடையது ‘பன்னிரண்டு போர்’ துப்பாக்கி. அவ்வுருண்டையின் எடை ஏறத்தாழ 38 கிராம். இன்றும் உரிமத் தாள்களில் வழங்கும் இப்பெயர், குண்டு வீட்டில் வார்க்கப்பட்ட காலத்தின் எச்சமாகும்.

பெயரும் பொருளும்

‘ஈயம்’ என்னும் சொல்லை வடமொழிச் ‘சீசம்’ என்பதனோடு தொடர்புபடுத்துவோர் உளர். முதலிலுள்ள சகரம் கெட்டு ‘சகசிரம்’ ஆயிரம் எனவும், ‘சபை’ அவை எனவும், ‘சிராவணம்’ ஆவணி எனவும் ஆனவாறே இதுவும் ஆயிற்று என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து ஏற்கப்படின், பொருளோடு பெயரும் வெளியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம்.

சொல் எவ்வாறு வந்ததாயினும், அது தமிழில் இரு வேறு உலோகங்களுக்குப் பொதுப்பெயராயிற்று. கருமை சான்றது காரீயம். வெண்மை சான்றது வெள்ளீயம். அடைமொழி நீங்கிய விடத்து ‘ஈயம்’ எது என்பதை இடம் நோக்கியே உணரவேண்டியுள்ளது. ‘ஈயக்குண்டு’ என்பதில் அது காரீயம். பித்தளைப் பாத்திரத்திற்கு ‘ஈயம் பூசுதல்’ என்பதில் அது வெள்ளீயம். ‘காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றினாற்போல’ என்னும் வழக்கில் எவ்வீயம் கருதப்பட்டது என்று யாரும் வினவுவதில்லை.

மருத்துவ நூல்வழக்கில் குழப்பம் மேலும் மிகுகிறது. வடமொழி இரசநூல்களில் ‘நாகம்’ என்பது காரீயம். ‘வங்கம்’ என்பது வெள்ளீயம். சித்த மருத்துவத்திலோ ‘நாகம்’ துத்தநாகத்தைக் குறிக்கும். காரீயம் ‘கருவங்கம்’ என்றும் வெள்ளீயம் ‘வெள்வங்கம்’ என்றும் வழங்கும். ‘நாக பற்பம்’ என்று எழுதப்பட்ட மருந்து ஒரு மரபில் ஈயமும் மற்றொரு மரபில் துத்தநாகமும் ஆகிவிடுகிறது. இலங்கைத் தமிழில் ‘காரீயம்’ என்பது பென்சிலுக்குரிய கரிப்பொருளைக் குறிக்கும். போகலைச் சுரங்கத்தில் எடுக்கப்படுவது அதுவே. அதற்கும் உலோகமாகிய ஈயத்திற்கும் நிறம் தவிர வேறு உறவில்லை.

மராத்தியில் இத்தகைய மயக்கம் இல்லை. அங்குக் காரீயம் ‘சிசே’, வெள்ளீயம் ‘கதீல்’, துத்தநாகம் ‘ஜஸ்த’. மூன்று உலோகங்களுக்கும் மூன்று தனிப்பெயர்கள். மும்பையிலும் தாணேயிலும் வாழும் தமிழர் கடைத்தெருவில் இப்பெயர்களால் பொருளைப் பிரித்து வாங்குகின்றனர். வீட்டுக்குள் வந்தபின் மீண்டும் ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர்.

கடல்வழி வந்த காரீயம்

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய உரோம அறிஞர் பிளினி, இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை என்றும், மணிகளையும் முத்துகளையும் கொடுத்து அவற்றை இந்தியர் பெறுகின்றனர் என்றும் குறித்துள்ளார். இக்கூற்று இந்தியா முழுமைக்கும் பொருந்தாது. இராசத்தானத்தின் தரீபா, அகூச்சா, சாவர் ஆகிய இடங்களில் மிகப் பழங்காலத்திலேயே ஈயமும் துத்தநாகமும் கொண்ட கனிமங்கள் அகழப்பட்டமை தொல்லியல் ஆய்வால் தெளிவாகியுள்ளது. ஆயினும் தென்னகத் துறைமுகங்களைப் பொறுத்தவரை பிளினியின் கூற்று பெரிதும் உண்மையே. அதே காலத்தைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற் பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூல், பரிகாசாவிலும் சேரநாட்டு முசிறித் துறையிலும் இறங்கிய சரக்குகளுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றை எண்ணுகிறது. தாணே மாவட்டத்துக் கல்யாணையும் அந்நூல் அறியும். ஒருகாலத்தில் முறையான வணிகத்துறையாக விளங்கிய அவ்வூருக்குப் பின்னர்த் தடை ஏற்பட்டதென்றும், அங்குச் செல்லும் கிரேக்க மரக்கலங்கள் காவலுடன் பரிகாசாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்றும் அது கூறும்.

இவ்வாறு வந்த ஈயத்தின் பெரும்பயன் அக்காலத்தில் நாணயமே. சாதவாகனர் ஈயக்காசுகளை மிகுதியாக வெளியிட்டனர். தமிழகத்தில் செங்கம் வட்டத்து ஆண்டிப்பட்டியில் தமிழ் எழுத்துப் பொறித்த ஈயக்காசுகள் கிடைத்துள்ளன. விலைமதிப்புக் குன்றிய உலோகமாக மேலைநாட்டார் கருதிய ஒன்று, சுரங்கமற்ற நாட்டில் காசாகும் தகுதி பெற்றது என்பதை இதனால் உணரலாம்.

துப்பாக்கிக் காலம்

பதினாறாம் நூற்றாண்டு முதல் காரீயத்தின் தலைமைப் பயன் மாறிற்று. போர்த்துக்கீசியரும் அவர்க்குப் பின்வந்த ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரரும் தம் கப்பல்களில் ஈயப் பாளங்களைக் கொணர்ந்தனர். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி இந்தியாவில் விற்கக் கொணர்ந்த சரக்குகளுள் கம்பளி, செம்பு, இரும்பு ஆகியவற்றோடு ஈயமும் நிலையான இடம் பெற்றது.

இவ்வணிகத்தின் அரசியற் பொருள் மராத்தியர் வரலாற்றில் தெளிவாகப் புலப்படுகிறது. பிரெஞ்சுக்காரர் 1668இல் சூரத்தில் பண்டகசாலை அமைத்தனர். அதன் தலைவரிடமிருந்து சிவாஜி எண்பது பீரங்கிகளையும், தம் திரித்துப்பாக்கிகள் அனைத்திற்கும் போதுமான ஈயத்தையும் வாங்கியதாக இராபர்ட் ஓர்ம் எழுதியுள்ளார். பீரங்கிக்கு இணையாக ஈயம் எண்ணப்பட்டது கருதத்தக்கது. தக்காணத்தின் கருங்கற் பாறைப்பரப்பில் ஈயக்கனிமம் இல்லை. தாணேக் கோட்டை 1737இல் மராத்தியர் கைக்கும், வசை 1739இல் அவர்கள் கைக்கும் வந்தன. 1774இல் தாணேயை ஆங்கிலேயர் கைப்பற்றினர். இம்முற்றுகைகளில் இருதரப்பாரும் எய்த ஈயக்குண்டுகள் யாவும் வெளியிலிருந்து வந்த ஈயத்தால் ஆனவையே. எதிரிக்கு ஈயம் விற்பவன் யார் என்பது அரண்மனைகளின் கவலையாயிற்று.

தமிழகப் பாளையங்களின் நிலையும் இதுவே. பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் (1799, 1801) துப்பாக்கி பயன்பட்டதாயினும், பாளையத்து வீரரின் முதன்மைப் படைக்கலங்களுள் நீண்ட ஈட்டி இறுதிவரை நிலைத்தது. ஈட்டிக்கு ஈயம் வேண்டியதில்லை. கடற்கரையோ கும்பினியின் பிடியில் இருந்தது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் தகும். போர் முடிந்தபின் 1801 திசம்பர் முதல் நாளில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, தென்னாட்டு மக்கள் படைக்கலம் ஏந்துவதைத் தடைசெய்தது.

பழைய ஈயத்தைத் தேடல்

புது ஈயம் கிட்டாத விடத்துப் பழைய ஈயத்தை நாடுதல் உலகெங்கும் காணப்படும் வழக்கம். 1776 சூலை 9 அன்று நியூயார்க்கு நகர மக்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொன்முலாம் பூசிய ஈயச் சிலையை வீழ்த்தினர். அதன் துண்டுகள் கனெக்டிகட்டிலுள்ள லிச்பீல்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு வீட்டுப் பெண்டிரும் சிறுவரும் உள்ளிட்டோர் அவற்றை உருக்கி 42,088 குண்டுகள் வார்த்தனர். எண்ணிக்கை ஒற்றைப்படை வரை பதிவாகியிருப்பதே ஈயம் எத்துணை அரிதாக இருந்தது என்பதற்குச் சான்று. இந்தியாவில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கிளர்ச்சியாளர் தந்திக் கம்பிகளைத் துண்டாக வெட்டித் துப்பாக்கியில் இட்டதாகக் குறிப்புகள் உள்ளன. ஈயம் இல்லாதவர் கண்ட மாற்று அது.

தமிழுக்கு மிக நெருங்கிய சான்று போர்க்களத்திலன்றி அச்சுக்கூடத்தில் கிடைக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்திற்கு 1713இல் செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியும் செலவாயிற்று. சிறிய எழுத்துகளைப் பொறையாற்றிலேயே வார்க்க முற்பட்டபோது ஈயம் கிடைக்கவில்லை. இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவு பரப்பும் கழகத்தார் அனுப்பிய செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி எழுத்து வார்த்தனர் என அச்சு வரலாற்று ஆசிரியர் கூறுவர். 1715இல் நிறைவுற்ற புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வாறு பழைய ஈயத்தின் துணையாலும் உருப்பெற்றது எனலாம்.

அச்செழுத்துக்கும் குண்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. எழுத்து வார்ப்புக்குக் காரீயத்தோடு அஞ்சனக்கல்லிலிருந்து பெறும் ஆன்டிமனியும் சிறிது வெள்ளீயமும் சேர்ப்பர். இவை உலோகத்தைக் கடினமாக்கி, அச்சின் நுண்வரைகளைச் செம்மையாக நிரப்பும். குண்டு வார்ப்போர் விரும்புவதும் இக்கடினத்தையே. அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் குண்டு வார்ப்போர், பழைய அச்செழுத்து, கார்ச் சக்கரத்தில் பொருத்தும் சமனெடை, கூரைத்தகடு, குறிபார்த்துச் சுடும் களத்தின் மண்மேட்டில் புதைந்த பழங்குண்டு ஆகியவற்றைத் தேடி வாங்கும் வழக்கம் இதனாலேயே எழுந்தது.

தமிழ் அச்செழுத்துக்கும் இக்கதி நேர்ந்தது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வார்ப்புகள் பயனற்றன. பின்னர்க் கணினியும் ஆப்செட் அச்சும் பரவவே, கையால் கோக்கும் எழுத்துப் பெட்டிகள் முழுவதும் எடைக்கு விற்கப்பட்டன. நூலாக நின்ற ஈயம் மீண்டும் பாளமாயிற்று.

சட்டத்தின் பிடி

ஆட்சியாளர் குண்டின் மூலப்பொருளை அறியாதவர் அல்லர். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், ‘படைத்துறைப் பண்டங்கள்’ என்பதற்கு இலக்கணம் வகுக்குமிடத்து, அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளில் ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் அதனுள் அடக்க வழிசெய்தது. மீன்வலைக்கும் எழுத்து வார்ப்புக்கும் உரிய ஓர் எளிய உலோகம், அரசாணை ஒன்றினால் படைக்கலத்துக்கு ஒப்பாகக் கருதப்படும் நிலை உண்டாயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டமும், அரசு அறிவிக்கும் மூலப்பொருள்களை வெடிப்பொருள் என்னும் சொல்லுள் அடக்குகிறது. உரிமமின்றித் தோட்டா செய்தல் இன்று குற்றம்.

இச்சட்டங்களுக்கிடையே வாழ்ந்தவருள் நரிக்குறவர் குறிப்பிடத்தக்கவர். வாக்ரிபோலி என்னும் இந்தோ-ஆரிய மொழியைப் பேசும் இம்மக்கள் நாட்டுத் துப்பாக்கியால் காடை, கௌதாரி, கொக்கு முதலியவற்றை வேட்டையாடினர். முகவாய் வழியே மருந்தும், நார்த் திணிப்பும், ‘ரவை’ எனப்படும் சிறு ஈயமணிகளும் இட்டுச் சுடும் துப்பாக்கி அது. ரவைக்கு வேண்டிய ஈயம் மலிவாகக் கிடைப்பதே இவ்வேட்டையின் அடிப்படை; ஒரு பறவையின் விலைக்குள் மருந்தின் விலையும் ஈயத்தின் விலையும் அடங்கவேண்டுமன்றோ? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாழ்க்கை முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பட்டியல் பழங்குடியினராக அவர்கள் ஏற்கப்பட்டது 2023இலேயே.

காயலான் கடையும் பங்காரும்

பழைய உலோகம் வாங்கி விற்கும் கடையைத் தமிழகத்தில் ‘காயலான் கடை’ என்பர். காயல்பட்டினத்து வணிகர் இத்தொழிலில் ஈடுபட்டமையால் இப்பெயர் வந்தது என்பது வழக்கு. மும்பையில் இதனைப் ‘பங்கார்’ என்பர். தாராவியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் திருநெல்வேலிப் பகுதித் தமிழர் தோல் பதனிடும் தொழிலை ஒட்டிக் குடியேறினர். அங்குள்ள ‘தேரா காம்பவுண்டு’ கழிவுப்பொருள்களைப் பிரித்துப் பயன்படுத்தும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. குர்லாவிலும், தாணே மாவட்டத்து மும்ப்ரா, பிவண்டிப் பகுதிகளிலும் கழிவுலோகக் கிடங்குகள் பலவுள்ளன.

இன்று பழைய ஈயத்தின் பெரும்பகுதி மின்கலத்திலிருந்து வருகிறது. உலகில் பயன்படும் ஈயத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மின்கலங்களுக்கே செல்கிறது. குண்டுக்கு உருக்கிய அதே எளிமை இங்கே கேடாய் முடிகிறது. மின்கலத் தகட்டில் உள்ளது தூய ஈயம் அன்று. ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் கலந்த பசை. அதனை வாணலியில் இட்டு உருக்கும்போது எழும் தூசியும் புகையும் உருக்குவோன் உடலிலும் அவன் குழந்தையின் உடலிலும் சேர்கின்றன. கடின உலோகம் தேடும் வெளிநாட்டுக் குண்டு வார்ப்போர்கூட மின்கலத்தைத் தொடலாகாது என்று தம்முள் எச்சரித்துக்கொள்வது இதனாலேயே. இந்தியாவில் பழைய மின்கலங்களை முறைப்படுத்த 2001இல் விதிகள் வந்தன; 2022இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும் முறைசாரா உருக்கு உலைகள் ஒழிந்தபாடில்லை. யுனிசெப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளுள் மூவருள் ஒருவர் குருதியில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம், ஈயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று கூறுகிறது.

சமையலறையில் சொல்லின் மயக்கம்

இங்குச் சொல்வழக்கின் மயக்கம் மீண்டும் எதிர்ப்படுகிறது. மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ரசத்துக்கு ‘ஈயச்சொம்பு’ போற்றிவருகின்றன. அது வெள்ளீயத்தால் ஆகவேண்டிய கலம். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுமாதலின், வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்கலாகாது என்பது இல்லத்தரசியர் அறிந்த செய்தி. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தினும் பல மடங்கு. மலிவான பழைய காரீயம் அதனோடு கலக்கப்படின் கண்ணுக்குப் புலனாகாது. புளியும் தக்காளியும் சேர்ந்த கொதிநீரில் அது கரைந்து உணவிற் கலக்கும். பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்திற்கும் இது பொருந்தும்.

தூய வெள்ளீயத் தகட்டை வளைக்கும்போது மெல்லிய கீச்சொலி எழும். காரீயம் ஓசையின்றி வளையும், தாளில் தேய்த்தால் கரிய கோடு இடும். எனினும் சிறிதளவு கலப்பை இச்சோதனைகளால் அறிய இயலாது. ஆய்வகச் சோதனையே தெளிவு தரும். வாங்குவோர் ‘ஈயம்’ என்று கேட்டு, விற்போர் ‘ஈயம்’ என்று கொடுப்பின், இருவருள் ஒருவரும் பொய் கூறவில்லை என்பதே இதிலுள்ள இடர்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. தமிழகமும் கொங்கணமும் ஈயச் சுரங்கமற்ற நிலப்பகுதிகள். ஆதலின் நாணயம், வலைக்குண்டு, துப்பாக்கிக் குண்டு, அச்செழுத்து, மின்கலம் என ஒன்றன்பின் ஒன்றாக இவ்வுலோகம் வடிவம் மாறிப் பயன்பட்டது. இப்பகுதிகளில் ஈயத்தின் வரலாறு பெரும்பாலும் பழைய ஈயத்தின் வரலாறே.

2. குண்டு வார்க்கும் ஆற்றல் வீட்டளவில் எளிதாயினும், ஈயத்தின் வரவைக் கட்டுப்படுத்துவோர் கையிலேயே போரின் வலிமை தங்கிற்று. சிவாஜியின் கொள்முதலும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை இரு முனைகளிலிருந்து காட்டுகின்றன.

3. பழைய ஈயம் மலிவாகத் தோன்றுவது அதன் முழுவிலையும் தராசில் காணப்படாமையால். எஞ்சிய விலையை உருக்குவோரும் அவர்தம் மக்களும் தம் உடலால் செலுத்துகின்றனர்.

4. ஈயம் என்னும் பொதுச்சொல்லைப் பாத்திரக் கடைப் பற்றுச்சீட்டிலும், மருந்துப் பெயரிலும், பள்ளிப் பாடநூலிலும் தனித்து ஆளுதல் தவிர்க்கப்பட வேண்டும். காரீயம், வெள்ளீயம், துத்தநாகம், பென்சிற்கரி என நான்கையும் நான்கு சொற்களால் வரையறுத்து வழங்குதல் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நிறுவனங்களின் கடமை. மொழிக்கு இவ்வேறுபாட்டைக் காட்டும் சொற்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றை அடைமொழி குன்றாது வழங்கினாலே போதும்.